எச்சில் படாமல் ஒரு மூச்சு

டப்பு... சளக். டப்பு... சளக்.

கடற்கரைக் கடைக்குள்ளிருந்து ஏதோ நடந்து வரும் சத்தம். வாசலில் நின்ற ஆவுடையப்பன் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"வாத்தா இருக்குமோ?"

"வாத்து இவ்வளவு கனமா நடக்காதுங்க," என்றாள் அவர் மனைவி முப்பிடாதி.

"ஏழெட்டு வாத்துன்னா?"

"ஏழெட்டுன்னா இத்தனை ஒழுங்கா கால் வைக்காது."

திரையை விலக்கிக்கொண்டு வந்தது முப்பிடாதியின் தம்பி ஐகோர்ட்துரை. இரண்டு காலிலும் முழ நீளத்துக்கு ரப்பர் துடுப்பு. "அத்தான், நடக்கத் தோதா இல்ல. ஆனா பஸ்ல நம்ம காலை யாரும் மிதிக்க முடியாது," என்றான்.

மூவரும் வறட்டாங்குளத்துக்காரர்கள். அந்த ஊரில் குளம் பெயரில் மட்டும்தான் உண்டு. ஆவுடையப்பனின் எட்டு வயது மகள் இசக்கிக்குக் கடலுக்கடியில் மீன் நீந்துவதைப் பார்க்க வேண்டும். "காட்டுறேன் தாயி" என்று போன வருஷமே வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது பஸ் ஏறியதும் கண்டக்டர் "உள்ளே போ, உள்ளே போ" என்றார். குடும்பமே போய்க்கொண்டே இருந்தது. பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கிய பிறகுதான் நின்றது. அழாமல் வீட்டுக்கு நடந்து வந்த பிள்ளையின் முகம் ஆவுடையப்பனுக்கு ஒரு வருஷமாகக் கண்ணிலேயே நின்றது.

கடைக்காரர் அமலதாஸ்தான் படகும் ஓட்டுகிறவர். "நாளைக்குக் காத்து கிளம்பிரும். அப்புறம் மூணு மாசம் படகு கிடையாது. பதினோரு மணிக்குக் கடைசிப் படகு. அதுக்குள்ள பெரியவங்களுக்கும் பிள்ளைக்கும் சரியான சாமானா எடுங்க," என்றார்.

"சரியானதுன்னு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

"இந்தக் கண்ணாடி மாஸ்க்கை முகத்துல வைங்க. வாரைப் போடாதீங்க. மூக்கால மூச்சை இழுங்க. விழாம நின்னா அது உங்க மாஸ்க்."

ஐகோர்ட்துரை வைத்தான், இழுத்தான். நின்றது. அப்படியே அவனும் நின்றான். முகம் செங்கல் நிறத்துக்குப் போய், அங்கிருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"எல, மூச்சை விடுல!" என்று அலறினாள் அக்கா.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். ஆவுடையப்பன் விளக்கினார்: "விட்டா விழுந்திரும். விழுந்தா அவன் மாஸ்க் இல்லைன்னு ஆயிரும். நல்ல பொருத்தத்தை எவன் விடுவான்?"

அமலதாஸ் அவன் முதுகில் ஒன்று வைத்தார். மாஸ்க் விழுந்தது; பையன் பிழைத்தான்.

அடுத்து ஆவுடையப்பன். "உங்களுக்கு மீசை இருக்கு அண்ணாச்சி. மீசை இருந்தா உள்ளே தண்ணி வரும்," என்றார் கடைக்காரர்.

ஆவுடையப்பன் மீசையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். "மீசைக்குத் தண்ணி வருமா? அஞ்சு வருஷமா ஊர்ல கிணறு கிணறாத் தோண்டுறோம். இத்தனை மீசையை வச்சுக்கிட்டு!"

"ஊருக்குப் போனதும் ஆளுக்கொரு கிணத்துல இறக்கிருவோம் அத்தான்," என்றான் ஐகோர்ட்துரை.

அளவு பார்க்கும் கட்டம் வந்தது. அமலதாஸ் இசக்கிக்குச் சின்னதாக ஒன்றை எடுத்தார். முப்பிடாதி கையைத் தட்டிவிட்டாள்.

"வளர்ற பிள்ளைக்கு இப்படியா எடுப்பாங்க? பாவாடையோ செருப்போ, ரெண்டு அளவு பெரிசாத்தான் எடுக்கணும்."

"இது பாவாடை இல்லம்மா. பெரிசா இருந்தா தண்ணி நிறைஞ்சிரும்."

"அடுத்த வருஷம் சரியாயிரும்."

"அப்ப நமக்கு?" என்று கேட்டான் ஐகோர்ட்துரை.

ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார்: "நாம வளர்ந்து முடிச்சாச்சு. இனிமே சுருங்குறதுதான் பாக்கி. அதனால சின்னது."

பெரியவர்கள் மூவரும் பிள்ளைகளின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார்கள். ஆவுடையப்பனுக்கு அது மூக்கோடு முடிந்தது. மீசைக்கு வரவே இல்லை. "பாத்தீங்களா, தண்ணி வர வழியே இல்ல," என்றார் கிளியின் குரலில். இசக்கியின் முகம் மட்டும் பெரிய மாஸ்க்குக்குள் தாடையோடு சேர்த்து எங்கோ ஆழத்தில் தெரிந்தது. அமலதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். போகிற இடம் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, நாலு பேருக்கும் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டினார்.

படகு போய் நின்ற இடத்தில் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அமலதாஸ் மூச்சுக் குழாயை எடுத்தார். "குப்புற மிதந்துக்கிட்டே இதை வாயில வச்சு மூச்சு விடணும். ஆளுக்கு ஒண்ணு."

முப்பிடாதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடையில எத்தனை பேரு வாய் வச்சுப் பாத்தாங்களோ!"

"கழுவியாச்சும்மா."

"எங்க வீட்டுல சொம்பையே யாரும் வாய் வச்சுக் குடிக்கிறதில்ல."

கூடிப் பேசினார்கள். முடிவு சுலபமாகவே வந்தது. இறங்கினார்கள், மல்லாந்தார்கள், குழாயை உதட்டுக்கு நாலு விரல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார்கள். தண்ணீரை அண்ணாந்து குடிப்பதுபோல மூச்சையும் அண்ணாந்தே குடித்தார்கள். மிதவைச் சட்டை நாலு பேரையும் தெப்பம்போல் தாங்கியது.

"நல்லா வருதுல்ல?"

"குழாய் வழியா வர்ற காத்தே தனி அத்தான்."

ஆவுடையப்பன் ஆசையோடு கேட்டார்: "தாயி, என்ன தெரியுது?"

"பருந்து தெரியுதுப்பா."

"மீனு?"

"இல்ல."

கொஞ்ச நேரம் போனது. "இப்ப?"

"அதே பருந்துதான்."

பிள்ளை இந்தத் தடவையும் அழவில்லை. அதுதான் ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, உங்க கடல்ல மீனு மேலே வராதா?" என்று கேட்டார். படகில் ஊறி நின்ற தண்ணீரை டப்பாவால் இறைத்துக்கொண்டிருந்த அமலதாஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பருந்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

அந்நேரம் இசக்கிக்குக் கழுத்து வலித்தது. குழாயை விட்டுவிட்டு எழுந்து நின்று குனிந்தாள். அத்தனை பெரிய மாஸ்க்கில் தண்ணீர் சளசளவென்று நிறைந்தது. திடுக்கிட்டு இரண்டு கையாலும் கழற்றி, கிண்ணம்போல் ஏந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. கண்ணாடியில் மூக்கை முட்டி அவளைப் பார்த்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக, "என்னைப் பாக்குதுப்பா."

நாலு தலைகளும் கூடின. அது வாலை ஆட்டிய விதத்தையும், திரும்பிய விதத்தையும், சும்மா நின்ற விதத்தையும் ஒருவரும் பேசாமல் பார்த்தார்கள். வறட்டாங்குளத்துக்காரர்கள் கூடியும் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். பிறகு இசக்கி அதைக் கடலில் விட்டாள். "போயிட்டு வா," என்றாள். பல் எல்லாம் தெரிந்தது.

படகில் ஏறி உட்கார்ந்ததும் ஐகோர்ட்துரை திடுக்கிட்டான். "அத்தான்! உங்க மாஸ்க்குல தண்ணி!"

உண்மைதான். ஆவுடையப்பனின் கண்ணுக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. மகளைத் திரும்பிப் பார்க்கப் பார்க்க இன்னும் ஏறியது.

"மீசை தொடவே இல்லையே," என்றாள் முப்பிடாதி கவலையோடு.

ஆவுடையப்பன் வாரை இறுக்கினார். விரலை விட்டு ஓட்டை தேடினார். ஓட்டை இல்லை. மூக்கடைத்த குரலில், ஆனால் ஏமாற மாட்டேன் என்ற மிடுக்கோடு சொன்னார்: "அண்ணாச்சி, கடல்ல இருந்த வரைக்கும் சொட்டுத் தண்ணி வரல. படகுல ஏறுனதும் ஒழுகுது. கரைக்குப் போனதும் வேற மாத்திக் குடுங்க. ஊருக்குள்ள போட்டுக்க முடியாது போலிருக்கு."

அமலதாஸ் டப்பாவை எடுத்து, படகுத் தண்ணீரை மறுபடி இறைக்கத் தொடங்கினார்.