பெட்டியில்லாமல் வந்த ஃபிரிட்ஜ்

நியாயம் சொல்ல நம் எல்லாருக்கும் வாய் இருக்கிறது. அந்த வாய்க்கு இன்று கொஞ்சம் வேலை கொடுக்கிறேன், கேளுங்கள்.

கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டும் குருவையாவுக்கு ஒரே அக்கா சண்முகத்தாய். அக்காவுக்கு ஒரே மகள் காளீஸ்வரி. அவளுடைய நிச்சயதார்த்தத்தன்று குருவையா நாலு பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தாய்மாமன் சீரா ரெண்டு கதவு ஃபிரிட்ஜ், புத்தம்புதுசா எறக்குறேன்" என்று சொல்லிவிட்டான். அதன் விலை என்ன என்று அப்போது அவனுக்குத் தெரியாது. பெருமை பொங்கும்போது யார்தான் விலை கேட்கிறார்கள்?

கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. சேர்த்துவைத்த காசுக்கு ஒற்றைக் கதவுதான் வரும். முகம் செத்துப்போய் நின்றவனுக்கு விற்பனையாளர் ஜேசுபாலன், வாசலோரம் நின்ற ஒரு ஃபிரிட்ஜைக் காட்டினார்.

"இது டிஸ்பிளே பீஸ் அண்ணாச்சி. பதினாலு மாசமா வாரவுக போறவுக எல்லாம் கதவத் தெறந்து பாத்தாக, அவ்வளவுதான். ஒருநா கூட கரண்ட் குடுத்ததில்ல. பக்கவாட்டுல ஒரு கீறல் இருக்கு. வாரண்டி முழுசா உண்டு. ஆனா பில்லுல டிஸ்பிளே பீஸ்னு எழுதித்தான் தருவேன். ரிப்பேருன்னா அந்தப் பில்லத்தான் காட்டணும்."

விலை கைக்கு அடக்கமாக இருந்தது. குருவையா தன் பங்குக்கும் நாலு தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டான். அதற்கு அட்டைப்பெட்டி மட்டும் இல்லை.

அன்றே அக்காவிடம் உண்மையைச் சொன்னான். "சரி விடு தம்பி. கீறல் செவுத்துப் பக்கமா இருக்கட்டும், நீ வாயத் தொறக்காத. உன்னைய யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டா எனக்குத் தாங்காது" என்றாள் அவள்.

கல்யாண மண்டபத்தில் சீர்சாமான்களை வரிசையாகப் பரப்பி, கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பது அவர்கள் வழக்கம். புதுச் சாமான் என்றால் பெட்டியோடு வந்து இறங்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா ஃபிரிட்ஜை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பெட்டி எங்க மதினி?"

"ஆட்டோவுல எடம் பத்தலன்னு தம்பி கடையிலயே பிரிச்சிட்டான் மதினி. புதுசுதான்" என்றாள் சண்முகத்தாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

குருவையாவுக்குச் சுருக்கென்றது. தன் மானத்துக்காக அக்கா பொய் சொல்கிறாள். விறுவிறுவென்று போய் மைக்கை வாங்கினான்.

"புதுசு எறக்குறேன்னு சொன்னேன், முடியல. இது கடையில பார்வைக்கு வச்சிருந்த டிஸ்பிளே பீஸ். எங்க அக்காவுக்கு இது தெரியாது. அவகிட்டயும் புதுசுன்னுதான் சொல்லி வச்சேன். கொறை சொல்லணும்னா என்னையச் சொல்லுங்க. ஆனா ரெண்டு கதவுன்னு சொன்னேன், ரெண்டு கதவு கொண்டாந்திருக்கேன்."

சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது சொல்லுங்கள். ஃபிரிட்ஜைப் பற்றி அக்கா பொய் சொன்னாள். அக்காவைப் பற்றித் தம்பி பொய் சொன்னான். இருவருமே பாசத்தில்தான் சொன்னார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: குருவையா. அக்கா சொன்ன பொய்க்கு ஆயுசு முதல் ரிப்பேர் வரைதான். அன்றைக்கு அந்தப் பில்லை வைத்துக்கொண்டு மாமியார் முன்னால் முழிக்கப்போகிறவள் காளீஸ்வரி. தம்பி சொன்ன பொய்யோ வேறு யார் தலையிலும் விழாது. வந்த பழி அத்தனையும் அவனுக்கே. இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் அப்போது மணமேடையைப் பார்த்திருக்க வேண்டும். தாலி ஏறும்வரை குனிந்தே இருக்க வேண்டிய பெண் நன்றாகத் தலையை நிமிர்த்தி, முன்வரிசைக்கெல்லாம் கேட்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "மைக்குல பேசுனாரே, அவருதான் எங்க மாமா."