இரண்டு பிரேக் வைத்த கார்

"டீச்சர், இன்னும் எத்தனை காலம் நான் வண்டி ஓட்டலாம்? நீங்கதான் சொல்லணும்."

கோமதிநாயகம் கேட்டார்.

ஜெபக்கனி டீச்சர் ஒரு நாற்காலியின் அடியில் கையை விட்டு, பின்னல் இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.

டீச்சருக்குக் கண் தெரியாது. ஊருக்கு வெளியே இருந்த பார்வையற்றோர் இல்லம் அவர் பொறுப்பில்தான் நடந்தது. பார்வை போனவர்கள் வெள்ளைக் கம்பைப் பிடித்துத் தெருவில் நடக்க அவரிடம்தான் பழகினார்கள்.

கோமதிநாயகத்துக்கு அவர் மகள் வயது. இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள். அவர் கையைக் கட்டி நின்றதை யாரும் பார்த்ததில்லை. இங்கேயும் யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

"டாக்டர் என்ன சொன்னார், அண்ணாச்சி?"

"ஓட்டவே கூடாதுன்னார்."

"பெறவு என்ன?"

"டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவார். உங்களுக்கும் இதே நோய்தானாமே? இதே மாதிரி ஓரத்துல இருந்துதான் பார்வை போச்சாமே? பட்டவங்க வாயால சொன்னா ஏத்துக்கிடுவேன். எனக்கு நேரே எல்லாம் பளிச்சுனு தெரியுது. நாளைக்குக் காலையில புதுசா ஆளுங்க பழக வாராங்க. ஒரு வருஷம் ஓட்டலாம்னு சொல்லுங்க, போதும்."

அவர் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். டீச்சர் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"இங்க எப்படி வந்தீங்க?"

"என் பழைய காரை ஓட்டிக்கிட்டு. அதை உங்க இல்லத்துக்கே குடுத்துரலாம்னுதான் கொண்டாந்தேன். புது வண்டி வந்தாச்சு. இது சும்மா ஷெட்டுல கெடக்கு. பழைய இரும்புக்குப் போட்டாலும் உங்களுக்கு ஏதாவது தேறும்."

"வழியில யார் யாரைப் பாத்தீங்க?"

கோமதிநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டார்.

"பஸ் ஸ்டாண்டு முக்குல போலீஸ்காரர் நின்னார். எதிர்ல தண்ணி லாரி வந்துது. நாலு ஆடு ரோட்டைத் தாண்டுச்சு, நிறுத்தி வழி விட்டேன். உங்க இல்லத்துக்குத் திரும்புற வளைவுல கீரைக்கார மாடத்தி உக்காந்திருப்பா, தினம் அவளுக்கு ஒரு ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவேன். இன்னைக்கு அவ வரல போல. பாருங்க, எது இருக்கு, எது இல்லைன்னு எனக்குத் தெரியுது."

"அப்படியா" என்றார் டீச்சர்.

பிறகு கையை நீட்டினார். கோமதிநாயகம் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

"ஒரு வருஷம்னு எடுத்துக்கிடட்டுமா, டீச்சர்?"

"முதல்ல காரை வாங்கிக்கிடுதோம்."

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். மின்விசிறியானாலும் சரி, அரிசி மூட்டையானாலும் சரி. கையில் படாத வரை அந்தப் பொருள் இல்லத்துக்கு வந்து சேரவில்லை என்று கணக்கு. கொடுத்தவர் பக்கத்தில் நின்று, எது என்ன என்று சொல்ல வேண்டும்.

நாற்காலி பின்னுகிற கொட்டகையிலிருந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். காரைச் சுற்றி நின்றார்கள். கைகள் அதன் மேல் ஊர ஆரம்பித்தன.

கோமதிநாயகத்துக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் காரை இத்தனை பிரியமாக அவரே தொட்டதில்லை.

"இதான் கூரையா?" என்றார் பேச்சிமுத்து. நாற்காலி பின்னுவதில் கெட்டிக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தலை நரைத்துவிட்டது.

"நீங்க கார்ல போனதே இல்லையா?"

"எத்தனையோ தடவை போயிருக்கேன். கைப்பிடிச்சு ஏத்தி விடுவாங்க, கைப்பிடிச்சு எறக்கி விடுவாங்க. எனக்குக் கார்னா ஒரு கதவு, ஒரு சீட்டு, ஒரு ஹாரன். முழுக் காரை இன்னைக்குத்தான் பாக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார். வந்த காரியம்கூட அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. பானெட்டைத் திறந்து காட்டினார். டிக்கியைத் திறந்து காட்டினார். ஒவ்வொருவர் கையாகப் பிடித்து ஸ்டியரிங்கில் வைத்தார்.

பேச்சிமுத்து உள்ளே குனிந்து தரையைத் தடவினார்.

"அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் மிதி இருக்கே? எதுக்கு?"

"இது பழகுற வண்டி. பழகுறவன் வலப்பக்கம் உக்காந்து ஓட்டுவான். நான் இடப்பக்கம். அவன் தடுமாறினா என் பிரேக்கை மிதிச்சு நிறுத்திருவேன்."

"பயப்பட மாட்டாங்களா?"

"எல்லாரும் பயப்படத்தான் செய்வாங்க. புதுசா ஓட்டுறவனுக்கு இடப்பக்கம் எம்புட்டு தூரத்துல என்ன இருக்குன்னே பிடிபடாது. சைக்கிள்காரன், தள்ளுவண்டி, ஓரத்துல உக்காந்து விக்கிறவங்க எல்லாம் அந்தப் பக்கம்தான. அதனால மொத நாளே சொல்லிருவேன். 'இடப்பக்கத்த நான் பாத்துக்கிடுதேன். நீ நேரே பாரு.' அதைச் சொன்னதும் பயம் போயிரும். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு கீறல் விழுந்ததில்ல."

சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்தது. பெருமைப்படவும் வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றியவர்.

பேச்சிமுத்து காரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். இடப்பக்க விளக்குக்குக் கீழே அவர் கை நின்றது.

"இது என்ன பாகம்?"

"எது?"

"இங்க குழிஞ்சு போயிருக்கே. அந்தப் பக்கம் இப்படி இல்ல. தண்ணி ஊத்துறதுக்கா?"

"அப்படி ஒண்ணும் கிடையாதே."

"இருக்கு, அண்ணாச்சி. விளிம்பு கையைக் கிழிக்குது. பெயின்ட் பொரிஞ்சு நிக்குது."

கோமதிநாயகம் போய்க் குனிந்தார். முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு தேங்காய் உட்காரும் அளவுக்குத் தகரம் உள்ளே போயிருந்தது. காலையில் அந்தக் காரைத் துடைத்தது அவர்தான். அப்போது இது இல்லை.

பேச்சிமுத்து விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"கொத்தமல்லி வாசம் அடிக்குது" என்றார்.

பக்கத்தில் நின்றவர் தடவி, விளக்கின் இடுக்கிலிருந்து எதையோ இழுத்தார். நசுங்கிப்போன கொத்தமல்லித் தழை. கூடை முடைகிற ஓலைக் கிழிசல் ஒன்றும் அதோடு வந்தது.

இல்லத்து ஆட்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். இதுவும் காரோடு வந்த பொருள்தானே.

கோமதிநாயகமும் அதைக் கையில் வாங்கினார்.

அந்த வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டிருந்தது. ரோட்டில் கிடந்த கல் என்று நினைத்தார். பின்னால் யாரோ கத்தினார்கள். ரோடு என்றால் யாராவது கத்தத்தான் செய்வார்கள் என்று நினைத்தார்.

மாடத்தி வரவில்லை என்றும் நினைத்தார்.

காரைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அவ வந்திருக்கா. அவ அங்கதான் இருந்திருக்கா. எனக்குத்தான் தெரியல."

டீச்சர் அவர் குரல் வந்த பக்கம் திரும்பி நின்றார்.

"கூடை மட்டும்தானா, அவ மேலயும் பட்டுதான்னு தெரியலையே! ஐயோ, அவ எப்பவும் கூடைக்குப் பின்னாலதான் உக்காந்திருப்பா. நான் போகணும். எதுவா இருந்தாலும் நான்தான் போய் நிக்கணும். சாவியக் குடுங்க, ஒரு நிமிஷத்துல போயிருதேன்."

டீச்சரின் கை மூடியே இருந்தது.

"வண்டி எங்களுது, அண்ணாச்சி."

கோமதிநாயகம் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

"சரி. நடந்தே போறேன்."

விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். ரோட்டின் பாதிக்குப் போய்விட்டார். இடப்பக்கமிருந்து ஒரு லாரி அவர் சட்டையை உரசுகிற மாதிரி போனது. அது வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவு கூப்பிடு தூரம்தான். அங்கே நாலைந்து பேர் கூடி நிற்பது நேரே தெரிந்தது. யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

திரும்பி உள்ளே போய்விடலாம். யாரும் பார்க்கவில்லை. தகரத்தைத் தட்டி நிமிர்த்தினால் காரும் சாட்சி சொல்லாது.

அவர் உள்ளே போகவில்லை.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். "எனக்கு ஒரு கம்பு குடுங்க."

டீச்சர் ஏற்கெனவே பின்னால் வந்து நின்றிருந்தார். கையில் இரண்டு கம்புகள் இருந்தன. ஒன்றை அவரிடம் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று விரல்களை மடக்கி வைத்தார்.

"எத்தனை காலம் ஓட்டலாம்னு கேட்டேன். இனி கேக்க மாட்டேன்" என்றார் கோமதிநாயகம். "ஆனா போயிரணும். இப்பவே போயிரணும். பயமா இருக்கு, டீச்சர்."

டீச்சர் அவருடைய இடப்பக்கம் வந்து நின்றார். தன் கம்பை ரோட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இடப்பக்கத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். "நீங்க நேரே பாருங்க."