கோழி இறகுப் பூச்சி

"கடிக்கு டாக்டரம்மா. வெடுக்குன்னு இழுக்கேன். ஆளக் காணோம்" என்றார் பொன்னுலிங்கம் அண்ணாச்சி.

வருடக்கணக்காக அவர் சொல்லிவரும் ஒரே புகார் அது.

ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ரேச்சல், குன்னூரில் பல் டாக்டர். தூண்டில் போடுவதில் அண்ணாச்சிக்குக் குரு. குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூட.

கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கடவாய்ப் பல் வலியோடுதான் முதலில் அவரிடம் போனார். டாக்டரம்மா ஓர் இடுக்கியில் தூண்டில் முள்ளை மாட்டி, பட்டு நூல் சுற்றி, கோழிக் கழுத்து இறகு ஒன்றை அதன் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கிற பொய்ப் பூச்சி. பெருமூச்சு விட்டால் பறந்துவிடும், அவ்வளவு மெலிசு. சுவரிலிருந்த சிலந்தி ஒன்று இறங்கி வந்து அதனிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்ததாகக் கம்பவுண்டர் சத்தியம் செய்வார்.

பல் வெளியே வந்த பிறகும் அண்ணாச்சி வாயை மூடவில்லை. அன்றே சீடரானார்.

அவர் கட்டிய முதல் பூச்சிக்கு இறகு தாராளம். கடைக்காரர் கை அல்லவா. ஓடையில் போட்டதும் கரையில் மேய்ந்த சேவல் ஒன்று கூவிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா அந்தப் பூச்சியைக் கையில் வாங்கினார். கத்தரியை எடுத்து, நாலைந்து இழை மட்டும் விட்டு, மீதியை நறுக்கித் தள்ளினார். மிச்சத்தைத் தம்ளர் தண்ணீரில் போட்டார்.

காய்ந்து கிடந்தவரை அது குப்பை. நனைந்ததும் இழைகள் விரிந்தன, ஒடுங்கின, மறுபடி விரிந்தன.

"மூச்சு விடுது" என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு மீன்கள் வரத்தான் செய்தன. தொடும். இவர் இழுப்பார். போய்விடும். உடனே கழுத்தைத் திருப்பி, எங்கே தப்பு என்று குருவிடம் கேட்பார்.

இன்று அவர் கேள்வியில் அவசரம் இருந்தது. டாக்டரம்மா ஆஸ்பத்திரியை மூடிவிட்டார். மதியப் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு, படுக்கையில் கிடக்கும் அம்மாவிடம் போகிறார். இனி மலையேறப் போவதில்லை. அவரும் போய்விட்டால் இந்த மலையில் இந்தத் தூண்டில் போடத் தெரிந்த ஆள் வேறு கிடையாது. இன்றைக்கு ஒரு மீன் ஏறாவிட்டால் இனி யாரைக் கேட்பது?

டாக்டரம்மா எழுந்து வந்தார். தூண்டில் நூலின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தாம்தான் மீன். நூலைச் சுண்டியதும் அண்ணாச்சி இழுக்க வேண்டும்.

சுண்டினார். அண்ணாச்சி இழுத்தார். வெறும் நூல் வந்தது.

திரும்பவும். வெறும் நூல்.

அண்ணாச்சிக்கு வேர்த்தது. நீங்க முன்னாடியே விட்டுடுதீங்க, இது போங்காட்டம் என்று சண்டைக்கு வந்தார்.

"நீங்க காத்துட்டு நிக்கிறது நூல்ல தெரியுது அண்ணாச்சி."

"காத்துட்டு நிக்காம எப்படிப் பிடிக்க?"

டாக்டரம்மா நூலைக் கீழே விட்டுவிட்டு, கல்லில் போய் உட்கார்ந்து, ஃபிளாஸ்கில் இருந்த தேநீரை ஊற்றிக் குடித்தார்.

அண்ணாச்சி பூச்சியை எறிந்தார். நீரோட்டம் அதை வளைத்துக்கொண்டு போனது. போகிறவர் ஏதாவது ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள், ஒரே ஒரு வார்த்தை போதும் என்று தண்ணீரைப் பார்த்தபடியே கெஞ்சினார்.

தொட்டது.

இழுத்தார். இல்லை. பூச்சி தலைக்கு மேலே பறந்து, மறுபடி எங்கோ தண்ணீரில் போய் விழுந்தது.

"எங்க டாக்டரம்மா தப்பு?" என்று திரும்பினார்.

கல்லில் யாரும் இல்லை.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் டாக்டரம்மா பையோடு ஏறிக்கொண்டிருந்தார். அவசரமில்லாத நடை. திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி நின்ற இடத்திலேயே நின்றார். கையில் கம்பு இருந்தது. கம்பில் நூல் இருந்தது. நூலில் பூச்சி இருந்தது. எதுவும் அவர் நினைப்பில் இல்லை. டாக்டரம்மாவின் சிவப்புத் தலைமுக்காடு செடிகளுக்கு மேலே சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தார். வெயில் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர்ந்தது.

கம்பு வளைந்தது.

சும்மா இல்லை, அவரையே ஓடைக்குள் இறக்கிவிடுகிற வளைவு. நூல் சுற்றிய சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. முழங்கால் தண்ணீரில் தடுமாறி நின்று, விட்டுவிட்டுச் சுற்றி, கடைசியில் வலையில் அள்ளினார். புள்ளி போட்ட ட்ரவுட். இரண்டு சாண் நீளம். கடைவீதிக்கு வருவதற்குள் அது வளர்ந்தது வேறு விஷயம்.

முள் மீனின் வாயோரத்தில், தானே போய்ச் செருகிக்கொண்டதுபோல, பதமாக இருந்தது.

மேலே ரோட்டில் பஸ் வந்து நின்றது. தூண்டில் சக்கரத்தின் சத்தம் ரோடுவரை கேட்டிருக்க வேண்டும். படியில் ஒரு காலை வைத்த டாக்டரம்மா திரும்பினார்.

அண்ணாச்சி மீனைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன செஞ்சீங்க?" மேலிருந்து குரல் வந்தது.

அண்ணாச்சி மீனைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. நீங்க போறதப் பாத்துக்கிட்டு நின்னேன்."