மலையின் வாயில் வைத்த உருண்டை

அந்தக் காலத்திலே முயலும் பேசும், கொக்கும் பேசும், மலையும் பேசும். மலை எப்போதாவதுதான் பேசும். ஆனால் அது புரண்டு படுத்தால் ஊர் இருக்காது.

ஜப்பான் தேசத்தின் வடக்கே அப்படி ஒரு மலை இருந்தது. முதல் பனி விழுந்ததும் தூங்கிப்போகும். சின்னச் சத்தம் கேட்டாலும் அசையும். அசைந்தால் பனி மொத்தமும் சரிந்து கீழே வரும். அதனால் அடிவாரத்து ஜனங்கள் பனி உருகுகிறவரைக்கும் வாசலில் நின்று வாய் திறக்க மாட்டார்கள். மாட்டு மணிக்குள் வைக்கோலைத் திணித்து வைப்பார்கள். ஒரு வருஷம் ஒருவன் தெரியாமல் தும்மிவிட்டான். மூன்று வீடு போயிற்று.

அந்த ஊரில் கினு என்று ஒருத்தி. முளைகட்டின தானியத்தில் பாகு காய்ச்சி, சிவப்புப் பயற்றை அதில் வேகவைத்து, கருகருவென்று உருண்டை பிடிப்பாள். எதிர்ச்சரிவில் தைசோ என்று ஒருவன், கரி சுடுகிறவன். வெயில் நாளில் அவள் அடுப்புக்குக் கரி கொண்டுவருவான். கூடையை இறக்குவான், பாகு பதம் வருகிறவரை நிற்பான், போய்விடுவான். அவனும் ஒன்றும் சொன்னதில்லை, இவளும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் பனி மூடி வழி அடைத்த பிறகுதான் கினுவுக்குச் சேதி தெரிந்தது. பனி உருகியதும் தைசோ கடற்கரையிலிருக்கும் தாய்மாமனிடம் போகிறானாம், திரும்பி வரப்போவதில்லையாம். இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஊர்த்தலைவரிடம் சொன்னானாம். நான் இருக்கிறேன் என்று இங்கிருந்து கத்தினால் அவனுக்குக் கேட்கும். மலைக்கும் கேட்கும்.

கினு உருண்டை பிடித்தாள். அவனுக்கு மட்டும் அனுப்பினால் ஊர் என்ன நினைக்கும் என்று வெட்கம். ஊரிலிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் ஒன்று செய்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வைக்கோல் கட்டு. வெள்ளை முயல் ஒன்றைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினாள். முயல் நடந்தால் பனிக்கே தெரியாது.

சாயங்காலம் முயல் திரும்பி வந்து காதோடு சொன்னது: தைசோ ஊரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டான். இது எல்லோருக்குமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஊர்க்காரர்கள் நல்லவர்கள், போகிறவனுக்கும் மரியாதை செய்கிறார்கள் என்றான். தின்றுவிட்டு மூட்டை கட்ட உட்கார்ந்தான்.

கினுவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"என்னைப் பார்த்து என்ன பிரயோசனம்?" என்றது முயல். "எது யாருக்கு என்று சுமந்த எனக்கே தெரியவில்லை. தின்றவனுக்கு எப்படித் தெரியும்?"

பானையில் ஒரே ஓர் உருண்டைக்குத்தான் பயறு மிச்சம். அதைப் பிடித்து இடுப்புத்துணியில் முடிந்துகொண்டாள். காலில் வைக்கோலைச் சுற்றிக்கொண்டு, பட்டப்பகலில் நடுவிலிருந்த மலைச்சரிவில் இறங்கி நடந்தாள். பனிக்காலத்தில் இதுவரை யாரும் செய்யாத காரியம். ஊரே வாசலில் வந்து நின்றது, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு. எதிரே தைசோ பாதி கட்டின மூட்டையோடு வெளியே வந்தவன் அவளைப் பார்த்துவிட்டான். கூப்பிட வாயெடுத்தான். தன் கையையே கடித்துக்கொண்டு நின்றான்.

பாதி வழியில் பனி மளுக்கென்று வெடித்தது.

மலை கண் திறந்தது. பனிக்குள்ளே இரண்டு ஏரி திறந்தது போல இருந்தது. அது மூச்சு விட்டபோது காட்டு மரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என் நெஞ்சின்மேல் நிற்பது யார்?"

பதில் சொன்னால் பனி வரும். ஓடினாலும் வரும். கினு ஒரு நிமிஷம் தைசோவைப் பார்த்தாள். பிறகு மண்டியிட்டு, முடிச்சை அவிழ்த்து, அவனுக்கென்று வைத்திருந்த அந்த ஒற்றை உருண்டையை வெடிப்புக்குள் வைத்தாள். அதுதான் மலையின் வாய்.

மலை அதை உதட்டால் தொட்டுப் பார்த்தது. அதற்கு வயசு எத்தனை ஆயிரமோ. எல்லோரும் அதைக் கண்டு பயந்தார்கள், ஒளிந்தார்கள். ஒருவரும் அதற்கு ஒன்றும் கொடுத்ததில்லை.

"எனக்கா?" என்று கேட்டது.

கினு தலையாட்டினாள்.

"இதை மெல்லக் கூடாது. கரையட்டும். கரைந்து முடிகிறவரை நான் அசைய மாட்டேன்." சொல்லிவிட்டு மலை கண்ணை மூடிக்கொண்டது.

இனி அவள் தைசோவிடம் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. வெறுங்கையோடு ஒருவர் வாசலை மிதிப்பது அவர்கள் வழக்கமில்லை. தன் இரண்டு கையையும் பார்த்தாள், தூரத்திலிருந்தே குனிந்து வணங்கினாள், திரும்பிவிட்டாள்.

தைசோவுக்கு அப்போதுதான் விளங்கியது. மரியாதைக்காக யாரும் மலையின் நெஞ்சில் நடக்க மாட்டார்கள். மூட்டையை அவிழ்த்துப் போட்டான். அவனும் வெறுங்கையோடு வர முடியாதே. அரிசி இருந்தது, இடிக்க வேண்டும். மலை ருசித்துக்கொண்டிருக்கும்போது உலக்கைச் சத்தம் போடலாமா? காத்திருந்தான்.

அத்தனை பெரிய உடம்பில் இனிப்பு உதட்டிலிருந்து நெஞ்சுக்குப் போய்ச்சேர ஒரு மாசம் ஆயிற்று. அன்று மலை ஒரு பெருமூச்சு விட்டது. பனி சரியவில்லை. அப்படியே தண்ணீராகி, ஒரு வேலிக்குச்சியைக்கூடச் சாய்க்காமல், வீடுகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. ஜனங்கள் பார்த்தபடியே நின்றார்கள். அப்போது எதிர்ச்சரிவிலிருந்து தொம், தொம் என்று உலக்கைச் சத்தம் கேட்டது. அந்த வருஷத்தின் முதல் சத்தம் அது.

மத்தியானம் தைசோ வந்தான். கையில் வெள்ளை வெளேரென்று ஓர் அரிசி உருண்டை.

"எல்லோருக்கும் செய்யவில்லை," என்றான். "ஒன்றுதான் செய்தேன்."

கினு வாய்விட்டுச் சிரித்தாள். மலை அசையவில்லை. தைசோவும் கடற்கரைக்குப் போகவில்லை.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வழக்கம். ஜப்பானிலே மாசி பிறக்கிற சமயம் பெண்கள் வாய் திறக்காமல் ஓர் இனிப்பை ஆண்களின் கையில் வைத்துவிடுகிறார்கள். இப்போது அது சாக்லேட். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் மரியாதைக்கு ஒன்று, மனசில் இருக்கிறவனுக்குத் தனியாக ஒன்று. வாங்கினவன் பங்குனி பிறக்கும்போதுதான் வெள்ளையாக ஒன்றைத் திருப்பிக் கொண்டுவருகிறான். நடுவிலே அந்த ஒரு மாசம் அவனை யாரும் அவசரப்படுத்துவதில்லை. உள்ளே கரைந்துகொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.