நர்சம்மாவுக்கு ஞானஸ்நானம்

“நினைவு தப்பினதும் தலையில தண்ணியை ஊத்திரலாமா சாமி?”

இன்னாசி சாமி மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“யார் தலையில?”

“தமயந்தி நர்ஸ் தலையில.”

கேட்டவர் சந்தியாகு. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக உபதேசியார். பங்குச் சாமி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அங்கே வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது, எல்லாம் சந்தியாகுதான்.

வயது நாற்பத்தெட்டு. இன்னாசி சாமிக்கு அவரைவிட மூன்று வயது குறைவு. மனசு ஒரு இடத்தில் நிற்காதபோதெல்லாம் சந்தியாகு பஸ் ஏறி இந்த ஆற்றங்கரைக் குடிசைக்கு வந்துவிடுவார். சாமி காவி கட்டிய துறவி. பிரசங்கம் செய்யமாட்டார். அதனாலேயே வருவார்.

“அந்தம்மா கேட்டாங்களா?”

“இல்ல.”

“நீரு கேட்டீரா?”

“எட்டு நாளா கேக்கேன். ‘நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்’னு. ‘ஏல, செத்தப்புறம் நான் எங்கயும் போகப்போறதில்ல, நீ நிம்மதியா வீட்டுக்குப் போ’ங்காங்க.”

சாமி சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க சாமி. ரெண்டு நாளோ மூணு நாளோன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

தமயந்தி ஒரு கறுப்புச் சட்டைக்காரரின் மகள். கோயிலும் கிடையாது, மாதாவும் கிடையாது. இருபத்தைந்து வயதில் அரசாங்க நர்ஸாக அந்தக் கிராமத்துக்கு வந்தவர், முப்பத்துமூன்று வருஷம் பிரசவம் பார்த்தார். ஓய்வு பெற்றபின்னும் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது எழுபத்தாறு வயது. ஈரலில் புற்று.

சந்தியாகு வரப்பில் உட்கார்ந்தார்.

“அருளாயி புருசன் காசம் வந்து கெடந்தான் சாமி. எங்க ஆளுக ஒருத்தர் வாசப்படி மிதிக்கல. நானும் மிதிக்கல. சன்னலுக்கு வெளிய நின்னு ஜெபம் சொன்னேன். அந்தம்மா உள்ள போயி அவனைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, சோறு ஊட்டிட்டு வந்தாங்க. வெளிய வந்து என்கிட்ட, ‘ஜெபம் முடிஞ்சிட்டாய்யா? சத்தம் பத்தல, அவனுக்குக் கேக்கல’ன்னாங்க.”

“ம்.”

“அதெல்லாம் ஆண்டவர்கிட்ட சேருமா சாமி? விசுவாசம் இல்லாம செஞ்சது சேருமா, சேராதா?”

சாமி கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சட்டைப் பையில என்ன துருத்துது?”

சந்தியாகு கையால் மறைத்தார். பிறகு எடுத்துக் காட்டினார். சின்ன பிளாஸ்டிக் குப்பி.

“தீர்த்தம்.”

“கேக்க வந்தீரா, சொல்லிட்டுப் போக வந்தீரா?”

“பின்ன நான் என்ன செய்ய?” சந்தியாகு குப்பியைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். “என் கண்ணு முன்னால அந்தம்மா நரகத்துக்குப் போறதைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? எனக்கு யாரு சாமி அப்படி இருக்கா? எங்கம்மா போனப்புறம் ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கது அவங்க ஒருத்தங்கதான்.”

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

“ஆபத்து வேளை ஞானஸ்நானம் பத்தி உம்ம பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்குடுக்கீரு?” என்றார் சாமி.

“இப்போ எதுக்கு அது?”

“சொல்லும்.”

சந்தியாகு கைகட்டி, பிள்ளைகள் சொல்வதுபோலவே ஒரே மூச்சில் ஒப்பித்தார். “ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடியவர் யார்? திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்தோடு, தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, எவரும் கொடுக்கலாம்.”

“எவரும்னா?”

“எவரும்தான்.”

“முப்பத்துமூணு வருஷம் நம்ம சனத்துக்குப் பிரசவம் பாத்தவங்க அவங்க. போயி ஒண்ணு கேளும். ‘நீங்க யாருக்காவது ஊத்தியிருக்கீங்களா’ன்னு கேளும்.”

“அவங்களா? சாமி, அவங்களுக்குச் சிலுவை போடக்கூடத் தெரியாது.”

“கேட்டுட்டு வாரும். நீரு ஊத்துறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

பஸ் ஏறும்போது சந்தியாகுவின் கையில் நான்கு கிழங்குகள் இருந்தன. சாமி எப்போது கொடுத்தார் என்றே அவருக்கு நினைவில்லை.

*

மத்தியானம். தமயந்தியின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. முகம் மஞ்சளாகி, கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

“வந்துட்டியா? இன்னைக்கு என்ன, மோட்சமா நரகமா?”

“ஒண்ணு கேக்கணும் நர்சம்மா.”

“நம்பமாட்டேன். அடுத்தது கேளு.”

“அது இல்ல.”

“நாக்கு ஒட்டுதுல. பையில என்ன, தண்ணியா? குடு.”

சந்தியாகு தயங்கினார். தலைக்கென்று வைத்திருந்த தண்ணீர். தமயந்தி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். குஞ்சு வாயைப் பிளப்பதுபோல.

அவர் குப்பியைத் திறந்தார். கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். குப்பி காலியானது.

“என்னல இது, உப்புக் கரிக்குது?”

“தீர்த்தம். மந்திரிக்கையில உப்புப் போடுவாங்க.”

“குடிக்கத் தண்ணியில உப்பைப் போடுறானுவ. அப்புறம் ஏன் உங்க கோயிலுக்கு ஒருத்தரும் வரமாட்டேங்காங்கன்னு பிரசங்கம் வேற.”

சிரிப்பு இருமலாக மாறியது. சந்தியாகு முதுகைத் தடவிக்கொடுத்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. எட்டு நாளில் முதல் தடவை.

இருமல் அடங்கியதும் கேட்டார்.

“நீங்க யாருக்காவது ஞானஸ்நானம் குடுத்திருக்கீங்களா?”

தமயந்தி ஜன்னலைப் பார்த்தார்.

“அப்போ இங்க ஒரு தாடிச் சாமியார் இருந்தாரு. நான் வந்த புதுசு. கூப்பிட்டு உக்கார வச்சு, ‘நீ நம்பவேண்டாம் மகளே, வார்த்தை மட்டும் பிசகாமச் சொல்லணும்’னாரு. ஒப்பிக்க வச்சாரு. மூணு தடவை தப்பாச் சொன்னேன். ‘நர்ஸுக்குப் படிச்ச பிள்ளைதானா நீ’ன்னு ஏசினாரு.”

“குடுத்தீங்களா?”

“பிள்ளை நீலம் பாரிச்சு, மூச்சு இல்லாம வந்து விழும். பெத்தவ தன் வலியை மறந்துட்டு ‘தண்ணி, தண்ணி’ம்பா. குடிக்க இல்ல. எனக்கு முதல்ல புரியல, டம்ளரைக் கொண்டுபோயி வாயில வச்சேன், தட்டிவிட்டா. அப்புறந்தான் புரிஞ்சது. ஊத்துவேன். ஊத்திக்கிட்டே பிள்ளை வாயில மூச்சும் ஊதுவேன். ஒரு கை உங்க வேலை, இன்னொரு கை என் வேலை.”

“எத்தனை பிள்ளைக்கு?”

“பதினொண்ணு. பத்து தங்கல.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஊத்தலன்னா அந்தக் காலத்துல கல்லறைத் தோட்டத்துக்குள்ள விடமாட்டாங்கல்ல. வேலிக்கு வெளிய, நாய் தோண்டுற எடத்துல வைப்பாங்க. ஊத்தினதுனால பத்தும் உள்ள கெடக்கு. வடக்கு மூலையில. பேரோட.”

சந்தியாகுவுக்கு அந்த மூலை தெரியும். கல்லறைத் திருநாள்தோறும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் அவர்.

“பதினொண்ணாவது?”

தமயந்தி கண்ணைத் திறந்தார். அவரையே பார்த்தார்.

“ரஞ்சிதம் உன்கிட்ட சொல்லவே இல்லையா?”

ரஞ்சிதம் சந்தியாகுவின் அம்மா. தான் மூச்சில்லாமல் பிறந்ததும், வீட்டிலேயே ஞானஸ்நானம் ஆனதும் அவருக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றியது பெரியம்மாவாக இருக்கும் என்று நினைத்திருந்தார். கேட்டதில்லை.

“பேரு வச்சதும் நான்தான்,” என்றார் தமயந்தி. “உங்கம்மாவுக்குப் பேசத் தெம்பில்ல. உங்க ஆளுக பேரு எனக்கு ஒண்ணும் தெரியாது. காலையில மீன் வித்துட்டுப் போனவன் பேரு சந்தியாகு. அதைச் சொல்லி ஊத்திட்டேன். பொருத்தமாத்தான் இருக்கு. உனக்கும் அவன் தொண்டைதான்.”

சந்தியாகு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“என்ன நெனைச்சு ஊத்துனீங்க?”

“என்னத்தை நெனைக்க? உங்கம்மா என்னமோ கேட்டா. அவ கேட்டது எதுவோ அது உனக்குக் கிடைக்கட்டும்னு ஊத்துனேன். அதுக்கு மேல எனக்கு என்னல தெரியும்?”

*

மறுநாள் காலையில் சாமி கதவைத் திறந்தபோது சந்தியாகு வாசலில் முழங்காலில் இருந்தார்.

“எனக்கு ஞானஸ்நானம் குடுங்க சாமி.”

“உமக்கா?”

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கையைப் பிசைந்தார்.

“விசுவாசம் இல்லாத கை சாமி. ஒப்பிச்ச வார்த்தை. நான் முதல்முதல்ல நற்கருணை வாங்கினது, என் கல்யாணம், இருபத்திரண்டு வருஷ ஊழியம், எல்லாம் அந்த ஒரு சொம்புத் தண்ணி மேலதான நிக்குது? நான் கிறிஸ்தவன்தானா? அதையாவது சொல்லுங்க.”

“நேத்து ஒப்பிச்சீரே.”

“ஒப்பிச்சேன். அது எங்கயோ, யாருக்கோன்னு நெனைச்சேன்.”

“நர்சம்மா எப்படி இருக்காங்க?”

“விடியக்காலையில நினைவு தப்பிருச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக பாத்துக்கிடுதாங்க.” சந்தியாகு தலையைத் தூக்கவில்லை. “எனக்கு முதல்ல ஊத்துங்க சாமி. நான் போயி அவங்களுக்கு ஊத்துறேன். சரியா ஊத்துறேன்.”

சாமி உள்ளே போனார். ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார்.

“குனியும்.”

சந்தியாகு குனிந்தார். முன்நெற்றியில் முடி உதிர்ந்து வழுக்கை விழுந்திருந்தது. சாமி செம்பை அதற்கு மேலே பிடித்தார்.

“ஒருத்தருக்கு ரெண்டு தடவை கொடுக்க முடியாது. உமக்கே தெரியும். அதனால நீரு முதல்ல ஒண்ணு சொல்லணும். ‘தமயந்தி நர்ஸ் எனக்கு ஊத்தினது வெறும் தண்ணி.’ இதைச் சொல்லும். உடனே ஊத்துறேன்.”

“தமயந்தி நர்ஸ்…”

நின்றது.

“சொல்லும்.”

“தமயந்தி நர்ஸ் எனக்கு…”

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒருத்தி தன் எருமையைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“வடக்கு மூலையில கெடக்க பத்துப் பிள்ளைகளுக்கும் சேத்துச் சொல்லிரும்,” என்றார் சாமி. “அவங்களையும் வேலிக்கு வெளிய எடுத்து வைக்கணும்ல?”

சந்தியாகுவின் வாய் திறந்தபடி இருந்தது.

சாமியின் கை வலித்தது. தண்ணீர் செம்பின் விளிம்பில் தளும்பியது. அவர் கையை இறக்கவில்லை.

“ஊத்தாதீங்க சாமி.”

“ஏன்?”

“நான் ஏற்கெனவே நனைஞ்சவன்.”

சாமி செம்பை இறக்கி அவர் முன்னால் வைத்தார்.

“தண்ணி இந்தா இருக்கு. நர்சம்மாவுக்குத்தான் நினைவு இல்லையே. தடுக்கவும் மாட்டாங்க. கொண்டுபோறீரா?”

சந்தியாகு எழுந்தார். செம்பைத் தாண்டி நடந்தார். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.

“ஓய் உபதேசியாரே! வெறுங்கையோட அங்க போயி என்ன செய்யப்போறீரு?”

“அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரப்போறேன்,” என்றார் சந்தியாகு, ஓடிக்கொண்டே. “அவங்க போற எடத்துல எனக்கும் ஒரு எடம் கேக்கணும்.”