தாண்டவராயனின் முழங்கால்

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது தாண்டவராயனால் எழுந்திருக்க முடியவில்லை.

மடத்தின் விறகுக் கொட்டகையில், தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை மடக்கி, தொடையோடு சேர்த்துத் துண்டால் இறுகக் கட்டியிருந்தார். கட்டும்போது சொன்னபடி கேட்ட விரல்கள், அவிழ்க்கும்போது கேட்கவில்லை. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது.

யாரையும் கூப்பிடவும் வெட்கம். எழுபது வயதைத் தாண்டிய ஆள், என் காலை நானே கட்டிப்போட்டு மாட்டிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் கோமதியம்மையே தேடி வந்தார். மடத்தின் குரு அவர்தான். தாண்டவராயனைவிட இருபது வயது இளையவர்.

"பெரியவரே, சோறு ஆறிப்போச்சு. இங்க என்ன பண்றீங்க?"

"உட்கார்ந்திருக்கேன், அம்மா."

"அது தெரியுது. எந்திரிக்க முடியுமா?"

தாண்டவராயன் முடிச்சைக் காட்டினார். அம்மை குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கால் மெல்ல நீண்டது. துண்டு இறுக்கிய இடம் சிவந்து தடித்திருந்தது.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"மழை விட்டதுல இருந்து."

"கால் என்ன தப்பு பண்ணுச்சு?"

"மடங்க மாட்டேங்குது. காலமெல்லாம் லாரியில பிரேக் மிதிச்ச காலு. இப்ப அதுவே பிரேக் போட்டுக்கிச்சு."

"போட்டா போட்டுட்டுப் போகுது. பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடுங்கன்னு போன வாரமே சொன்னேனே?"

"சாப்பாட்டுக்காக இல்லம்மா."

தாண்டவராயன் சிவந்த இடத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"முத்துவீரன் சாமி போனப்ப, வலது காலைப் பிடிச்சது நான்தான்."

அந்த மடத்தில் இறந்தவர்களைப் படுக்க வைப்பதில்லை. தியானத்தில் இருப்பதுபோலச் சம்மணமிட்டு உட்காரவைத்து, வட்டக் குழியில் இறக்கி அடக்கம் செய்வது வழக்கம். மடத்தின் மூத்த துறவியான முத்துவீரன் சாமி தூக்கத்திலேயே போய்விட்டார். விடிந்து பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது. மூன்று பேர் சேர்ந்து காலை மடக்கினார்கள். அப்போது ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளியை முறிப்பதுபோல.

"அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு," என்றார் தாண்டவராயன். "சாவுக்குப் பயப்படலை, அம்மா. என் காலையும் யாராவது அப்படி... அதான், உசுரு இருக்கும்போதே பழக்கி வச்சிடலாம்னு பார்த்தேன்."

"செத்த பிறகு வலிக்குமா?"

"வலிக்காது. தெரியும். ஆனா படுத்துக் கண்ணை மூடினா, தெரிஞ்சது எதுவும் கூட வர மாட்டேங்குது."

"வேணும்னா ஊர்ச் சுடுகாட்டுல சொல்லி வைக்கட்டுமா? அங்க படுக்க வச்சே எரிப்பாங்க."

தாண்டவராயன் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் இங்க இருக்காங்க. நான் மட்டும் அங்கயா?"

அம்மை கை நீட்டினார். "வாங்க."

மடத்துக்குப் பின்னால் புன்னைத் தோப்பு. மரங்களுக்கு இடையில் சின்னச் சின்ன மண்மேடுகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். இன்னொரு சீடரான சேந்தன் ஓரமாகக் களை கொத்திக்கொண்டிருந்தார்.

மேடுகளுக்கு நடுவில் காலியாக இருந்த இடத்தை அம்மை காட்டினார்.

"படுங்க."

"இங்கயா?"

"ஆமா. கல்லு குத்தாத இடமாப் பார்த்துப் படுங்க."

தாண்டவராயன் ஒரு கையை ஊன்றி இறங்கிப் படுத்தார். மேலே புன்னை இலைகள் அசைந்தன. முதுகுக்கு மண் குளிர்ச்சியாக இருந்தது.

அம்மை ஒரு குச்சியை எடுத்தார். தாண்டவராயனின் தலைக்கு மேலே தொடங்கி, தோளைச் சுற்றி, காலோரமாக மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே போனார். பாதத்துக்கு வந்ததும், ஒரு சாண் இடம் தள்ளிக் கோட்டை வளைத்தார்.

"தாராளமா நீட்டுங்க, பெரியவரே."

"போதும்மா," என்று அவர் காலை இழுத்துக்கொண்டார்.

சேந்தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா இது? யாருக்கு?"

"எனக்குத்தான் தம்பி," என்றார் தாண்டவராயன், படுத்தபடியே. "அளவு எடுக்கிறாங்க."

"ஏன், சட்டை தைக்கவா?"

தாண்டவராயனுக்குச் சிரிப்பு வந்தது. சேந்தன் சிரிக்கவில்லை.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா? முத்துவீரன் சாமி, அவருக்கு முன்னால இருந்தவங்க, அத்தனை பேரும் உட்கார்ந்திருக்காங்க. நடுவுல இவர் மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவர் இத்தனை நாள் பயந்த கேள்வி அதுதான்.

அம்மை கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தார். சுற்றிலும் இருந்த மேடுகளை ஒருமுறை பார்த்தார்.

"ஒருத்தர் முடியாமப் படுத்திருந்தா, பார்க்க வந்தவங்க சுத்தி உட்கார்ந்துதானே இருப்பாங்க, சேந்தா?"

தாண்டவராயன் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய வலது கால் மட்டும், கோட்டைத் தொடும்வரை மெல்ல நீண்டது.