புளி வாங்கப் போகாத கார்

முதலில் கார் இஞ்சினின் பெல்ட் கத்தும் சத்தம்தான் கேட்டது. மடத்துச் சமையற்கட்டில் இருந்த கனி, "அண்ணாச்சி பாலத்தைத் தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டு உலை ஏற்றினாள். சத்தம் வந்து நல்ல இரண்டு நிமிடம் கழித்துத்தான் கார் கண்ணில் படும். பத்தொன்பது வருடப் பழைய கார் அது.

வளைவில் கார் தெரிந்தது. ஒரு காலத்தில் வெள்ளை. வேப்பமரத்தடியில் வந்து நின்றது. நின்ற பிறகும் இரண்டு தரம் குலுங்கியது.

கோமதிநாயகம் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் திறந்து இறங்கினார். உள்கைப்பிடி போய் ஆறு வருடம் ஆகிறது. வேட்டியை மடித்துக் கட்டுவதைப் போல அவருக்கு இதுவும் யோசிக்காமல் வரும்.

மலையடிவாரத்துச் சின்ன மடம் அது. மதியம் யார் வந்தாலும் சோறு உண்டு. எந்த நேரம் யார் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்தக் கார் உண்டு. டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் அக்கம்பக்கம் நாலு ஊருக்கும் கார் என்றால் அதுதான். காரோட்டி என்றால் கோமதிநாயகம்தான்.

மடத்துக்குத் தலைமை உலகம்மை. கோமதிநாயகத்தைவிடப் பதினேழு வயது இளையவர். ஆனாலும் அவர் குரு, இவர் சீடர். இருவருக்கும் அதில் கூச்சம் கிடையாது. இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

உலகம்மை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ரைஸ் மில் முதலாளி என்ன சொல்லுதாரு, அண்ணாச்சி?"

"தன் காரை மடத்துக்கே தாறேங்காரு. அவரு புதுசு எடுக்காராம். இது மூணு வருசம் ஓடின வண்டி. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா மச்சானுக்குக் கொடுத்திருவாராம்."

"சரி."

"ஒரு நிபந்தனை போடுதாரு. பழசைக் காயலாங்கடைக்குத் தள்ளிரணுமாம். மடத்து வாசல்ல ரெண்டு கார் நின்னா ஊர் என்ன பேசும்ங்காரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"அம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன்."

"கேளுங்க."

கோமதிநாயகம் எதிரே உட்கார்ந்தார். யாரும் சொல்லாமலே ஒரு கீரை இணுக்கை எடுத்தார். கொஞ்ச நேரம் இலைகளை உருவினார். பிறகு கேட்டார்.

"ஒரு காரை எத்தனை வருசம் வச்சிருக்கலாம் அம்மா?"

"மத்தவங்க என்ன சொல்லுதாவ?"

"மெக்கானிக் பத்து வருசம்ங்கான். ஆனா பத்து வருசம் முடிஞ்ச பெறவு அவன் வீட்டுல அடுப்பு எரியுததே இந்த வண்டியாலதான். முதலாளி மூணு வருசம்ங்காரு. அவரு சட்டையவே மூணு தடவைக்கு மேல போட மாட்டாரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டா, பதினஞ்சு முடிஞ்சு எஃப்.சி. ஒரு தடவை புதுப்பிச்சுக் கொடுத்தாச்சு, அதுல இன்னும் ஒரு வருசம் பாக்கி இருக்குங்காவ."

"நீங்க?"

"இஞ்சின் நல்லா இருக்கு அம்மா. வேற யாரும் தொட்டா முரண்டு பிடிக்கும். என் கை பட்டா எந்திரிச்சுரும்."

அதைச் சொல்லும்போது அவர் காரின் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இந்தக் கார் போய்விட்டால் தனக்கும் இங்கே இடம் இல்லை என்று இரண்டு நாளாக அவர் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

உலகம்மை கையை நீட்டினார். "சாவியக் கொடுங்க."

கொடுத்தார்.

"கனி! இங்க வா."

கனி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மடத்துக்குச் சமைக்க வருவதற்கு முன்னால் ஆறு வருடம் காய்கறி மார்க்கெட்டுக்கு மினி லாரி ஓட்டியவள். லைசென்ஸ் உண்டு.

"புளி தீந்துபோச்சுன்னியே. பாலத்தடிக் கடையில வாங்கிட்டு வா. காரை எடுத்துட்டுப் போ."

கனி சாவியைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். "பத்து நிமிச நடைதானே அம்மா."

"காரை எடுத்துட்டுப் போ." உலகம்மை திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க கீரையப் பாருங்க. வாயத் திறக்கப்பிடாது."

கனி போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாவியைத் திருகினாள். டிக் என்றது. மறுபடி திருகினாள். டிக்.

கோமதிநாயகம் கீரையைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் அவருடைய இடதுகால் தரையில் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது.

டிக்.

"மஞ்ச லைட்டு..." என்றார் மெதுவாக.

உலகம்மை நிமிர்ந்து பார்த்தார். கோமதிநாயகம் வாயை மூடிக்கொண்டார்.

டிக். டிக். டிக்.

அவரால் முடியவில்லை. எழுந்து நின்றே கத்தினார். "ஏட்டி, சும்மா திருகாத! மொதல்ல பானெட்டத் தூக்கு. கறுப்பா ஒரு குமிழ் இருக்கும், அதை நாலு தடவை அழுத்து. சீட்டுக்கடியில ஸ்பேனர் கெடக்கும், அதால பேட்டரி முனையில ஒரு தட்டு. ஓங்கித் தட்டாத. பெறவு ஏறி, மஞ்ச லைட்டு அணைஞ்சப்புறம் மூணு எண்ணு. சாவிய இடப்பக்கமா அழுத்திக்கிட்டுத் திருகு. கிளம்பினப்புறம் ரெண்டாவது கியருக்குப் போகாத, ஒண்ணுலேர்ந்து நேரா மூணு. யாராவது குறுக்க வந்தா வைப்பர் சுவிட்சத் தட்டு."

"எதுக்கு வைப்பரு?"

"அதுதாம்ட்டி ஹாரன்."

"அண்ணாச்சி, இது காரா, பேயோட்டுத மந்திரமா?" கனி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "அதெல்லாம் இருக்கட்டும். பானெட்டத் தூக்கணும்னா நான் இறங்கணும்லா. வெளிக்கைப்பிடி என் கைக்கு மசிய மாட்டேங்கு. அதுக்கு என்ன மந்திரம்? அன்னைக்கும் இப்படித்தான் உள்ளயே கெடந்தேன்."

சொன்னவள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னைக்கு?" என்றார் கோமதிநாயகம்.

கனி அம்மாவைப் பார்த்தாள். உலகம்மை இலைகளை உருவிக்கொண்டே சொன்னார். "சொல்லு."

"நீங்க ஆடி மாசம் காய்ச்சல்ல கெடந்தியல்லா. மூணாம் நாளு. மேலத்தெரு முப்பிடாதிக்குப் பேறுகால வலி வந்துட்டு. அவ மாப்பிள்ளை இங்க ஓடி வந்தான். நான் சாவிய எடுத்துக்கிட்டு வந்து ஏறினேன். அவன் தள்ளுதான், நான் திருகுதேன். கால் மணி நேரம். அசையவே இல்ல."

"என்னை எழுப்பலையா?"

"எழுப்பாம இருப்பமா? எந்திரிச்சு உக்காந்து, 'நாலு தடவை அழுத்து'ன்னிய. எதைன்னு சொல்லல. திரும்பப் படுத்துட்டிய."

கோமதிநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். "பெறவு?"

"பால் வண்டி வந்துது. கேனையெல்லாம் ரோட்டுல இறக்கி வச்சிட்டு அவளை ஏத்தினோம். ரயில்வே கேட் தாண்டல. வண்டியிலயே பிறந்துட்டு."

"பிள்ளை?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி. மூணு கிலோ. ஆத்தாளும் நல்லா இருக்கா. நேத்து மதியம் பந்தியில உக்காந்திருந்தாளே. நீங்கதானே மோர் ஊத்தினிய. பிள்ளை தலையத் தடவிட்டுப் போனியளே."

கோமதிநாயகம் விட்ட மூச்சு கார் வரைக்கும் கேட்டது. பதற்றத்தில் அந்தப் பிள்ளை அவர் நினைவுக்கே வந்திருக்கவில்லை.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வீய?" என்றார் உலகம்மை. "இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா வண்டிக்கடியில படுத்துக் கெடப்பீய. ஊருக்கு உங்க மேல பிரியம், அண்ணாச்சி. முப்பிடாதியே சொல்லக் கூடாதுன்னுட்டா."

அவர் காரிடம் போனார். கைப்பிடியைத் தூக்கிக் கதவைத் திறந்து கனியை இறக்கிவிட்டார். கனி சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் புளி வாங்க நடந்தே போனாள்.

காரின் கூரை வெயிலில் சுட்டது. அதன்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். எத்தனை பேரை இதில் ஏற்றியிருப்பார். பாம்பு கடித்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். யாரையும் இது நடுவழியில் விட்டதில்லை, அவர் ஓட்டியபோது.

திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

"கனி சொல்லிட்டாளே."

கோமதிநாயகம் மடியிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட நேரம் ஆனது.

"முதலாளியா? மடத்துலேர்ந்து கோமதிநாயகம். சரி, வண்டிய அனுப்புங்க. ஆமா. ஆமா, பழசைத் தள்ளிருதோம்." கொஞ்சம் கேட்டார். "இல்ல, நானே கொண்டுபோய் விட்டுருதேன். வேற யாரு வந்தாலும் அது கிளம்பாது."

போனை மடியில் செருகிக்கொண்டு உலகம்மைக்கு எதிரே உட்கார்ந்தார். ரைஸ் மில்லிலிருந்து வந்தபோது இருந்த இறுக்கம் முகத்தில் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பாக்கி இருந்தது.

"முதலாளி தாற கார் யார் திருகினாலும் கிளம்பிரும், அம்மா."

"ஆமா."

"கனி ஓட்டுவா. பால்காரன் ஓட்டுவான். முப்பிடாதி மாப்பிள்ளைக்குக்கூட ஒரு வாரத்துல பழக்கிரலாம்."

"பழக்கிரலாம்."

"எந்த நேரம் யார் வந்து கதவைத் தட்டினாலும் யாராவது ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருவாவ."

"ஆமா."

"அப்போ நான் என்ன செய்யுதது?"

உலகம்மை கையிலிருந்த காம்பைக் கீழே போட்டார்.

"எப்ப யாரு வந்து கதவைத் தட்டுவாவளோன்னு பத்தொன்பது வருசமா சட்டையோடதான் படுக்கிய, அண்ணாச்சி. இன்னைக்கு அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுத் தூங்குங்க."

கோமதிநாயகம் குவியலிலிருந்து இன்னொரு இணுக்கை எடுத்து இலைகளை உருவத் தொடங்கினார்.